கிளைக் காரியாலயங்களில் போனுக்கும் டெப்புக்கும் ஐபி முகவரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கூட்டுறவு நிறுவனத்துக்கு வன்னியில் ஏழு காரியாலயங்கள் இருக்கின்றன. கிளிநொச்சியில் தலைமைக் காரியாலயம். மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, நெடுங்கேணி, பூநகரி ஆகிய இடங்களில் கிளைகள். கள உத்தியோகத்தர்கள் டெப்பும் போனுமாக மோட்டார் சைக்கிளில் கிளைக்குக் கிளை போய்வருகிறவர்கள். காலையில் ஒரு கிளையில் கடன் விண்ணப்பம், மத்தியானம் இன்னொரு கிளையில் நெல் கொள்வனவுப் பதிவு என்று அவர்களுடைய நாள் போகும். இந்த ஏழு இடத்து வலையமைப்பையும் பார்ப்பது என் வேலை. தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே எழுதியிருக்கிறேன். இதே மாதிரிச் சில கிளைகளை வைத்து நடத்துகிற வேறு ஆட்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

ஐபி எண்டு சொல்லுறீங்களே தம்பி, அது என்ர போன் நம்பர் மாதிரியோ?

இல்லை அக்கா. போன் நம்பர் நீங்கள் போகும் இடமெல்லாம் உங்களோடு வரும். ஐபி முகவரி அப்படி வராது. ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனால் வாசலில் ஓர் இலக்கத் துண்டு தருவார்களே, அதைப் போன்றது. அன்றைக்கு அந்த இடத்தில் உங்களைக் கூப்பிட அந்த இலக்கம் போதும். நாளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே வேறு துண்டு தருவார்கள்.

உங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்குச் சமமான ஒன்றும் போனில் உண்டு. அதை மேக் முகவரி என்போம். 48 பிட் நீளமான அந்த இலக்கம் வைஃபை சில்லுக்குத் தயாரிக்கும்போதே கொடுக்கப்படுகிறது. முன்பெல்லாம் அது மாறாது என்று நம்பி எல்லாவற்றையும் அதன் மேல் கட்டினோம். இப்போது அந்த நம்பிக்கை செல்லாது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்ப அந்தத் துண்டை ஆர் குடுக்கிறது?

டிஎச்சிபி என்கிற சேவை கொடுக்கிறது. கிளையில் இருக்கும் ரவுட்டருக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும். போன் வைஃபையில் ஏறியதும் "இங்கே முகவரி கொடுக்க யாராவது இருக்கிறீர்களா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தும். ரவுட்டர் "இந்த இலக்கம் காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்கும். போன் "அதையே தாருங்கள்" என்னும். ரவுட்டர் "சரி, இத்தனை மணித்தியாலத்துக்கு உங்களுடையது" என்று முடிக்கும். நான்கே நான்கு செய்திகள்தான், ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும்.

முகவரியோடு இன்னும் மூன்று விஷயங்களும் வரும்: அந்த வலையின் அளவு, வெளியே போகும் வாசலின் முகவரி, பெயரை இலக்கமாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேர்வரின் முகவரி. "வைஃபை இருக்கு, ஆனா ஒண்டும் திறக்குதில்லை" என்று அழைப்பு வந்தால் இந்த மூன்றில் ஏதாவது பிழையா என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்த முறை இப்போதுள்ள வடிவில் 1997இல் வரையறுக்கப்பட்டது. அதிலிருந்து அடிப்படை மாறவில்லை.

169.254 எண்டு ஏதோ ஒரு நம்பர் வந்திருக்கு. இது எங்கட நம்பரோ?

இல்லை. கத்திப் பார்த்தும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் கணினியும் ஐபோனும் தாங்களாகவே 169.254 வரிசையில் ஓர் இலக்கத்தைப் போட்டுக்கொள்ளும். ஆன்ட்ராய்டு போன் அப்படிச் செய்யாது. "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்ற வரியோடு நின்று, கடைசியில் கைவிட்டுவிடும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: உங்களுக்கும் ரவுட்டருக்கும் இடையில் பேச்சு நடக்கவில்லை, அல்லது ரவுட்டரிடம் கொடுக்க இலக்கம் மிச்சமில்லை. என்னை அழைக்கும்போது திரையில் உள்ள இலக்கத்தை வாசித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தமாதிரி.

எங்கட கிளைக்கு ஏன் 10.24 எண்டு தொடங்குது? மற்றக் கிளைக்கு வேற நம்பரா இருக்கே?

வீட்டுக்குள்ளும் காரியாலயத்துக்குள்ளும் மட்டும் பாவிக்க மூன்று வரிசைகளை 1996இல் ஒதுக்கி வைத்தார்கள்: 10இல் தொடங்குவது முழுவதும், 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. கடையில் வாங்கும் ரவுட்டர் பெரும்பாலும் 192.168.1 அல்லது 192.168.0 என்ற வரிசையோடுதான் வரும். ஏழு கிளையிலும் அதை அப்படியே விட்டால் ஏழு இடத்திலும் ஒரே இலக்கம். அவற்றை விபிஎன் போட்டு, அதாவது இணையத்துக்குள்ளே எங்களுக்கென்று ஒரு தனிப் பாதை அமைத்து, இணைக்கப் போனால் 192.168.1.50 என்பது மாங்குளத்துப் பிரிண்டரா, பூநகரிக் கணினியா என்று ரவுட்டருக்குத் தெரியாது. நான் வேலைக்கு வந்தபோது நிலைமை அப்படித்தான் இருந்தது. எல்லாவற்றையும் மாற்ற இரண்டு மாதம் பிடித்தது.

இப்போது இரண்டாவது இலக்கம் கிளையைச் சொல்லும். கிளிநொச்சி 21, மாங்குளம் 22, மல்லாவி 23, புதுக்குடியிருப்பு 24, முள்ளியவளை 25, நெடுங்கேணி 26, பூநகரி 27. மூன்றாவது இலக்கம் வகையைச் சொல்லும். மேசைக் கணினிகளுக்கு 10, ஊழியர்களின் போன், டெப்புக்கு 20, வந்துபோகிறவர்களுக்கு 40, பிரிண்டருக்கும் கமராவுக்கும் 60. ஆகவே 10.24.20.77 என்று கேட்டவுடன் "புதுக்குடியிருப்பில் ஓர் ஊழியரின் போன்" என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை: 100.64 முதல் 100.127 வரையுள்ள வரிசை சும்மா கிடக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். அது தொலைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012இல் ஒதுக்கியது. உங்கள் 4ஜி ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் அதே வரிசை வந்து நிற்கக்கூடும்.

ஒரு கிளைக்கு 254 நம்பர் எண்டா தாராளம்தானே?

பத்துப் பேர் வேலை செய்யும் கிளைக்குத் தாராளம். கிளிநொச்சிக்குப் போதாது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லாக் கிளையிலிருந்தும் கள உத்தியோகத்தர்கள் கூட்டத்துக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு போன், ஒரு டெப், சிலருக்கு மடிக்கணினியும். ஆட்களின் தொகையை மூன்றால் பெருக்கி, அதன் மேல் பாதியைக் கூட்டுங்கள் என்பது என் கணக்கு. அந்தப் பாதி எதற்கு என்றால், ஒரே சாதனம் இரண்டு இலக்கத்தைப் பிடித்துவைக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

கிளிநொச்சியில் ஊழியர் வரிசையை /22 ஆக்கியிருக்கிறேன். இந்தச் சாய்கோட்டு எண் வலையின் அளவைச் சொல்வது, எண் குறையக் குறைய வலை பெரிது. 10.21.20.0 இலிருந்து 10.21.23.255 வரை ஒரே வலை, பாவிக்கக்கூடியவை 1022. வகை இலக்கங்களை 20, 40 என்று இடைவெளி விட்டு வைத்தது இப்படி விரிப்பதற்காகத்தான். மற்றக் கிளைகளை /24 ஆகவே, அதாவது அந்த 254 இலக்கங்களோடே, விட்டுவிட்டேன். தேவைக்கு மேல் பெருப்பிப்பதும் நல்லதல்ல, ஒருவர் கத்துவது எல்லோருக்கும் கேட்கும் வலையில் ஆட்கள் கூடக்கூட வைஃபை களைத்துப்போகும்.

லீஸ் எவ்வளவு நேரம் வைக்கிறது? ஒரு நாள் எண்டு வச்சா காணாதோ?

ரவுட்டர் ஓர் இலக்கத்தை எவ்வளவு நேரத்துக்குக் கொடுக்கிறதோ அதைத்தான் லீஸ் என்கிறோம். போன்களைப் பொறுத்தவரை இதுதான் மிக முக்கியமான கேள்வி. இதில் நான் பட்டு அறிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முள்ளியவளைக் கிளையில் வந்துபோகிறவர்களுக்கென்று கடவுச்சொல் இல்லாத வைஃபை ஒன்று வைத்திருந்தேன். லீஸ் 24 மணித்தியாலம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு அந்த வீதியால் சனம் திரள் திரளாகப் போகும். எங்கள் வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தோம். தண்ணீர் குடிக்க நின்றவர்களில் எத்தனையோ பேர் வைஃபையில் ஏறியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் நின்று போனவருக்கும் ரவுட்டர் அந்த இலக்கத்தை மறுநாள் வரை ஒதுக்கிவைத்தது. மத்தியானத்துக்கு முன்பே 254உம் முடிந்துவிட்டது. அப்போது ஊழியர்களின் போன்களும் அதே வரிசையில்தான் இருந்தன. பணம் கட்ட வந்த ஆச்சி ஒருவருக்குப் பற்றுச்சீட்டுப் பதிய முடியாமல் அவரைப் பின்னேரம் வரை இருத்திவைத்தோம். ஊழியர்களையும் விருந்தினரையும் பிரிக்காதது முழுக்க என் பிழை.

அந்தக் கிழமையே வரிசைகளைப் பிரித்தேன். இப்போது விருந்தினருக்கு 30 நிமிடம், ஊழியர் போனுக்கு 10 மணித்தியாலம், மேசைக் கணினிக்கு 8 நாள். 8 நாள் என்பது விண்டோஸ் சேர்வரில் ஏற்கெனவே இருக்கும் அளவு. மேசையை விட்டு நகராத கணினிக்கு அது சரி, போனுக்குப் பொருந்தாது. லீஸ் குறைவு என்பதால் பாவிக்கும்போது அறுந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். பாதி நேரம் போனதுமே போன் தானாகப் புதுப்பிக்கும். பதில் வராவிட்டால் 87.5 சதவீதத்தில் மறுபடி எல்லோரையும் கேட்கும். அங்கேயே இருப்பவருக்கு இலக்கம் தொடரும், போனவருடையது விரைவாகத் திரும்பி வரும்.

கிளிநொச்சியில வேலை செய்த டெப், மாங்குளத்துக்கு வந்தா ஏன் கொஞ்ச நேரம் முழிச்சுக்கொண்டு நிக்குது?

ஏழு கிளையிலும் வைஃபைக்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அது உங்கள் வசதிக்காக. ஆனால் டெப்புக்கு அது ஒரே இடம் போலத் தெரியும். மாங்குளத்தில் ஏறியதும் "என் பழைய 10.21.20.90ஐயே தாருங்கள்" என்று கேட்கும். மாங்குளத்து ரவுட்டர் "அது இங்கே செல்லாது" என்று உடனே மறுத்தால் டெப் புதிதாகக் கேட்டு வாங்கிவிடும். மறுக்காமல் பேசாமல் இருந்தால் டெப் காத்திருந்து, திரும்பக் கேட்டு, பிறகுதான் கைவிடும். நீங்கள் பார்க்கும் முழிப்பு அதுதான்.

ரவுட்டரில் "ஓதரிட்டேட்டிவ்" என்றொரு அமைப்பு இருக்கும். இந்த வலைக்கு நானே பொறுப்பு என்று அதனிடம் சொல்வது அது. அதைப் போட்ட பிறகு ஆறு கிளைகளில் இந்த முறைப்பாடு நின்றது. ஏழாவதில் மட்டும் ஒரு டெப் தொடர்ந்து மறுத்தது. பார்த்தால் யாரோ முன்பு கையால் நிலையான இலக்கம் எழுதிவைத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போகும் சாதனத்தில் ஒருநாளும் அப்படி எழுதாதீர்கள்.

கரண்ட் போய் வந்தாப் பிறகு "ஐபி முரண்பாடு" எண்டு கணினியில வருது. ஏன்?

பல மலிவான ரவுட்டர்கள் யாருக்கு எந்த இலக்கம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும். கரண்ட் போனால் பட்டியலும் போய்விடும். யூபிஎஸ்ஸில் ஓடும் கணினியும், வலைக் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் பெட்டியும் அணையாததால், கணினிக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது, தன் பழைய இலக்கத்தையே வைத்திருக்கும். ரவுட்டர் எழும்பி, எல்லாம் காலி என்று நினைத்து, அதே இலக்கத்தைப் புதிதாக வந்த போனுக்குக் கொடுக்கும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் இந்தக் கரைச்சலோடுதான் என் ஒவ்வொரு காலையும் தொடங்கியது.

மூன்று வேலை செய்தேன். ரவுட்டருக்கும் வைஃபைப் பெட்டிக்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கிக் கொடுத்தேன். செலவில் மிகக் குறைந்ததும் பலனில் மிகக் கூடியதும் அதுதான். மைக்ரோட்டிக் ரவுட்டர் பட்டியலைச் சில நிமிடத்துக்கொருமுறை வட்டில் எழுதிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு கிளையாக அதற்கு மாறினேன். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளைப் பாவிப்பவர்கள் கவனியுங்கள், அதில் பட்டியல் சாதாரணமாகத் தற்காலிக இடத்தில்தான் எழுதப்படும், மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். கடைசியாக, இலக்கம் கொடுக்க முன் "இங்கே யாரும் இருக்கிறீர்களா" என்று சோதித்துப் பார்க்கும் அமைப்பை இயக்கினேன். இதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. தூங்கிக்கிடக்கும் போன் பதில் சொல்லாமல் விட்டுவிடும்.

என்ர டெப்புக்கு எப்பவும் ஒரே நம்பர் வரச் செய்யேலாதோ அண்ணா?

செய்யலாம். ரவுட்டரில் உங்கள் மேக் முகவரியை எழுதி இலக்கத்தை ஒதுக்கிவிடலாம். பிரிண்டருக்கும் கமராவுக்கும் அப்படித்தான் செய்திருக்கிறேன். போனுக்கும் டெப்புக்கும் செய்வதில்லை. ஆன்ட்ராய்டு 10 வந்த 2019இலிருந்தும், ஐஓஎஸ் 14 வந்த 2020இலிருந்தும், போன்கள் ஒவ்வொரு வைஃபைப் பெயருக்கும் ஒரு பொய் மேக் முகவரியைத் தாங்களே உண்டாக்கிக் காட்டுகின்றன. ஐஓஎஸ் 18இல் அது காலத்துக்குக் காலம் மாறும் தெரிவும் உண்டு. இதைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்குக் கடை உங்களைப் பின்தொடர முடியாமல் செய்யும் நல்ல பாதுகாப்பு அது. மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது உண்டாக்கப்பட்டது என்று அறியலாம்.

ஒரே சாதனம் இரண்டு இலக்கத்தைப் பிடிக்கும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். நிறுவனத்துக்குச் சொந்தமான டெப்புகளில் மட்டும், காரியாலய வைஃபைக்கு "சாதன மேக்" என்று மாற்றிவைத்திருக்கிறேன். உங்கள் சொந்தப் போனில் கைவைக்க மாட்டேன். அதோடு ஒரு கேள்வியும் கேட்பேன்: ஒரே இலக்கம் எதற்கு வேண்டும்? கடன் மென்பொருள் உங்களை அறிய வேண்டும் என்றால் அதற்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கின்றன. முகவரியைப் பார்த்து ஆளை நம்பும் முறையை நான் இங்கே எந்த இடத்திலும் வைக்கவில்லை.

அப்ப ஆர் எந்த நேரம் எந்த நம்பரில இருந்தது எண்டு பிறகு பாக்கேலுமோ?

ஓரளவு பார்க்கலாம். ரவுட்டர்கள் லீஸ் கொடுத்த நேரத்தைக் கிளிநொச்சியில் உள்ள பதிவுச் சேர்வருக்கு அனுப்புகின்றன. இதில் ஒரு பொறி: உள்ளே மணிக்கூட்டு பற்றரி இல்லாத ரவுட்டர் கரண்ட் வந்ததும் பிழையான திகதியோடு எழும்பும். இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வரை அதன் பதிவுகளை நம்ப முடியாது. ஆளை உறுதியாக அறிய வேண்டிய இடத்தில், ஒவ்வொருவரும் தன் பெயரில் நுழையும் வைஃபை முறைதான் சரி.

இந்தப் பதிவுகளை 60 நாளில் அழிக்கிறேன். ஊழியர் கூட்டத்தில் அதைச் சொல்லியும் இருக்கிறேன். பெயர்ப் பட்டியல், நடமாட்டப் பதிவு என்றால் எங்கள் ஊரில் ஆட்களுக்கு நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். அதற்கான காரணம் இங்கு வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அது இல்லாவிட்டாலும் எதைப் பதிகிறோம், எவ்வளவு காலம் வைத்திருக்கிறோம் என்று சொல்லுவது நம் கடமை.

எல்லாத்தையும் கிளிநொச்சியில ஒரே சேர்வரில வச்சுக் குடுக்கேலாதோ? நிர்வாகம் சுகமா இருக்குமே?

முடியும். கிளை ரவுட்டர் போனின் கூப்பாட்டை வாங்கி, தன் முகவரியை அதில் குறித்து, விபிஎன் வழியாகக் கிளிநொச்சிக்கு அனுப்பும். சேர்வர் அந்தக் குறிப்பைப் பார்த்து "இது மல்லாவி" என்று அறிந்து 10.23 வரிசையிலிருந்து கொடுக்கும். இதை ரிலே என்பார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் ஐஎஸ்சி டிஎச்சிபி என்ற பழைய சேர்வர் மென்பொருளைத் தேட வேண்டாம், அதன் பராமரிப்பு 2022இல் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக, அதே அமைப்பு உருவாக்கிய கியா என்ற மென்பொருள் இருக்கிறது.

ஆனாலும் நான் அப்படிச் செய்யவில்லை. ஏ9 வீதிக் கிளைகளில் எங்களுக்கு ஃபைபர் இருக்கிறது. உள்ளே போகப் போக 4ஜிதான். மழைக்காலத்தில் கோபுரத்துக்குக் கரண்ட் இல்லாவிட்டால் இணைப்பும் இல்லை. இணைப்பு அறுந்த நேரத்தில் காலை வேலைக்கு வரும் போனுக்கு இலக்கம் கொடுக்க ஆளிருக்காது, பக்கத்து மேசைப் பிரிண்டருக்குக்கூட ஒரு கடதாசி அனுப்ப முடியாது. ஆகவே திட்டம் ஒரே இடத்தில், கொடுப்பது அந்தந்தக் கிளையில். ஏழு ரவுட்டரின் அமைப்பையும் கிளிநொச்சியில் ஒரே கோப்பில் எழுதி, அங்கிருந்து அனுப்புகிறேன். ஏழு கிளையிலும் நல்ல இணைப்பு வரும் காலத்தில் யோசிக்கலாம்.

நேற்றிலிருந்து எனக்கு 192.168.0 எண்டு வருது, பக்கத்து மேசைக்குச் சரியா வருது. என்ன நடக்குது?

யாரோ வேறொரு ரவுட்டரைச் செருகியிருக்கிறார்கள். ஒரு கிளையில் சிக்னல் குறைவு என்று ஓர் உத்தியோகத்தர் நல்ல எண்ணத்தோடு வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து, எங்கள் கம்பியை அதன் உட்பக்கத் துளையில் போட்டுவிட்டார். இரண்டு பேர் துண்டு கொடுக்கத் தொடங்கினார்கள். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவருடையதைப் போன் எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற அமைப்பு உண்டு. ரவுட்டர் இருக்கும் துளையிலிருந்து மட்டும் இலக்கம் கொடுக்க அனுமதிக்கும். அந்த வசதி உள்ள சுவிட்ச் கொஞ்சம் விலை கூட, ஆனால் வாங்குங்கள். சிக்னல் குறைந்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

ஐபிவி6 வந்தா இந்தப் பிரச்சினை எல்லாம் தீர்ந்திடுமோ?

ஐபிவி6 என்பது ஐபி முகவரியின் புதிய வகை. அது வந்தால் இலக்கம் முடியும் பிரச்சினை தீரும். உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய வகை முகவரிகள் 2011 பெப்ரவரி 3ஆம் திகதியே முடிந்துவிட்டன. புதிய வகை 128 பிட், தட்டுப்பாடு என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள்: டிஎச்சிபியின் புதிய வடிவத்தில் சாதனத்துக்கு ஒவ்வொன்றாக முகவரி கொடுக்கலாம் என்று திட்டமிட்டால் ஆன்ட்ராய்டு போன்கள் அதை வாங்காது. ரவுட்டர் அறிவிக்கும் முன்பகுதியை எடுத்து, பின்பகுதியைத் தாங்களே உண்டாக்கும். ஒரே போன் ஒரே நேரத்தில் பல முகவரி வைத்திருக்கும், அவை மாறிக்கொண்டும் இருக்கும். ஆளை முகவரியால் அடையாளம் காணாதீர்கள் என்று மேலே சொன்னது இங்கே இன்னும் கூடப் பொருந்தும்.

வைஃபை இல்லாத கிராமத்தில என்ர போனில இருந்து ஹொட்ஸ்பொட் போட்டு டெப்பில விபிஎன் போடுறன். சில நாள் கிளைச் சேர்வர் வருகுதில்லை, ஏன்?

அப்போது முகவரி கொடுப்பது உங்கள் போன்தான். ஐபோன் 172.20.10 வரிசையில் ஒரு சின்னத் துண்டை, /28 அளவில் கொடுக்கும். பழைய ஆன்ட்ராய்டுகள் 192.168.43 கொடுத்தன, புதியவை வேறு வேறு வரிசைகளை எடுக்கின்றன. அந்த வரிசை காரியாலயத்தில் உள்ள ஒன்றோடு மோதினால், டெப் "அந்தச் சேர்வர் இங்கேயே பக்கத்தில் இருக்கிறது" என்று நினைத்து விபிஎன்னுக்குள் அனுப்பாது. எங்கள் பழைய கணக்குச் சேர்வர் ஒன்று கிளிநொச்சியில் இன்னும் 192.168 வரிசையில் இருக்கிறது. மாற்ற வேண்டிய கடைசிச் சாமான் அதுதான், சிறுபோகக் கொள்வனவு முடிந்ததும் மாற்றுவேன். அதுவரை இப்படி நடந்தால் ஹொட்ஸ்பொட்டை அணைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள், சில போன்களில் வேறு வரிசை வரும். வராவிட்டால் பதிவை டெப்பிலேயே சேமித்துவைத்து, கிளைக்கு வந்ததும் அனுப்புங்கள்.